உணர்கருவி ஆராய்ச்சி: உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு துறை

பயிர்த்தொழில் அளவறிந்து செய்ய வேண்டிய தொழிலாகும். நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் பயிர் கெடும். பசளை குறைந்தால் விளைச்சல் குன்றும். மிகுந்தால் பயிர் சாய்ந்து, பூச்சிக்கும் நோய்க்கும் இரையாகும். ஆதலால் நம் முன்னோர் கையையும் கண்ணையும் காலையுமே அளவுகோலாகக் கொண்டனர். வயலில் இறங்கிச் சேற்றை மிதித்து ஈரம் அறிந்தனர். இலையின் நிறத்தைப் பார்த்துப் பசளைத் தேவையை உணர்ந்தனர். கிணற்று நீரை நாவில் வைத்து உவர்ப்பைக் கண்டனர். இவ்வறிவு பழுதுடையதன்று. ஆயினும் நாவுக்கு உவர்க்கத் தொடங்குமுன்னரே போஞ்சிச் செடி உப்பினால் வாடத் தொடங்கிவிடும். மேல்மண் உலர்ந்து காணப்படும்போதும் அடிமண்ணில் ஈரம் இருக்கலாம். மேலே ஈரம் இருக்கும்போதும் வேர் வறண்டிருக்கலாம். புலன்கள் சென்று எட்டாத இவ்விடங்களை அறிவதற்கே உணர்கருவிகள் தோன்றின.

இக்கருவிகளை ஆக்குவதும், திருத்துவதும், ஒவ்வொரு நாட்டின் மண்ணுக்கும் நீருக்கும் பொருந்தச் செய்வதும் இன்று பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பெருந்துறையாக வளர்ந்துள்ளன. கல்முனைக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இத்துறையில் நுழைவது எவ்வாறு, அதனால் அவர்களுக்கும் வயலுக்கும் உண்டாகும் பயன் யாது, அவ்வழியிலுள்ள இடர்ப்பாடுகள் எவை என்பவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

உணர்கருவி என்பது யாது?

ஓர் இடத்தின் வெப்பம், ஈரம், உப்பு, ஒளி, அமிலத்தன்மை முதலிய ஏதேனும் ஒரு நிலையை உணர்ந்து, அதனைப் பெரும்பாலும் ஒரு மின்குறியாக மாற்றித் தருவதே உணர்கருவி எனப்படும். மக்கள் வழக்கில் இதனைச் சென்சர் என்பர். காய்ச்சல் பார்க்கும் இலத்திரனியல் வெப்பமானியும், கைத்தொலைபேசியின் திரை ஒளியை இடத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் சிறு உறுப்பும் உணர்கருவிகளே.

விவசாயத்திற்குப் பயன்படுபவற்றுள் சிலவற்றை இங்குக் காண்போம். மண்ணீர் இழுவைமானி என்பது நுண்துளைகளுள்ள மட்கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்ட, நீர் நிறைந்த குழாயாகும். மண் உலர உலரக் கிண்ணத்திலுள்ள நீரை வெளியே இழுக்கும். அவ்விழுவையை மேலேயுள்ள முகப்பு காட்டும். வேர் நீரைப் பெறுவதற்கு எவ்வளவு வலிந்து இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை இக்கருவி அறிவிக்கிறது. மின்கடத்துதிறன்மானி என்பது நீரிலும் மண்சாற்றிலும் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்புக் கூடுந்தோறும் கடத்துதிறனும் கூடும். பச்சையமானி என்பது இலையினூடே ஒளியைச் செலுத்தி அதன் பச்சை நிறத்தை அளக்கும். இது 1980களில் ஜப்பான் நாட்டில் நெற்பயிருக்குப் பயன்படத் தொடங்கியது.

உணர்கருவி யாவும் விலையுயர்ந்த யந்திரமாக இருக்க வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வயல்நீர்க் குழாய் இதற்கு நல்ல சான்றாகும். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு பீ.வீ.சி. குழாயில் துளைகள் இட்டு, அதன் பாதியளவுக்கு மேற்பட்ட பகுதியை வயலில் புதைத்து, உள்ளேயுள்ள மண்ணை அகற்றிவிட வேண்டும். வயலில் நீர் கண்ணுக்குத் தெரியாது மறைந்த பின்பும், குழாயினுள்ளே அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்கலாம். நீர்மட்டம் மண்மட்டத்திற்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரை இறங்கிய பின்னரே மீண்டும் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் கட்டினால் போதும். பூக்கும் காலத்திற்கு ஒரு கிழமை முன்னும் ஒரு கிழமை பின்னும் மட்டும் நீர் வற்றவிடலாகாது. இம்முறையால் விளைச்சல் குன்றாமலே 30 விழுக்காடு வரை நீரை மிச்சப்படுத்தலாம் எனக் கண்டுள்ளனர். ஒரு துண்டுக் குழாயே இங்கு உணர்கருவியாகிறது. எனினும் 15 சென்ரிமீற்றர் என்னும் அவ்வெல்லையைக் கண்டறிவதற்கு ஆராய்ச்சியாளர் பல போகங்கள் வயலில் உழைக்க வேண்டியிருந்தது.

கல்முனைக்குடியின் நிலமும் நீரும்

கல்முனைக்குடி கிழக்கே கடலையும் மேற்கே பரந்த நெல்வயல்களையும் உடைய ஊராகும். கடலோரம் மணற்பாங்கானது, வீட்டுத்தோட்டக் காய்கறிகள் அம்மணலில் கிணற்று நீரைக் கொண்டே விளைகின்றன. மேற்கேயுள்ள வட்டைகளோ சேறும் களியும் கலந்தவை. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் அமைக்கும் வேலை 1949ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அந்தக் கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் நெடுந்தூரம் கடந்தே கரையோர வட்டைகளை அடைகின்றன. வாய்க்காலின் கடைசியில் இருப்பவனுக்கு நீர் கடைசியாகவே வந்து சேரும். ஆகவே எப்போது நீர் தேவை, எவ்வளவு தேவை என்பதைச் செம்மையாக அறிவது தலைவாய்க்காலில் இருப்பவனைவிடக் கடைவாய்க்காலில் இருப்பவனுக்கே இன்றியமையாதது.

உப்பும் இப்பகுதிக்கு ஓர் இடையூறாகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களில் எண்ணற்ற உயிர்களைப் பலிகொண்டதுடன், கிணறுகளிலும் தோட்டங்களிலும் கடல்நீரை நிறைத்துச் சென்றது. மணற்கரையில் நன்னீர் என்பது அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலமேயாகும். உப்பை அகற்றும் எண்ணத்துடன் கிணற்றை மிகையாக இறைத்தால், கீழேயுள்ள உவர்நீர் மேலெழுந்து வரும். எவ்வளவு இறைக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை நீர்ப்பம்பி கூறாது, மின்கடத்துதிறன்மானியே கூறும்.

உப்பைத் தாங்கும் வலிமை பயிருக்குப் பயிர் வேறுபடும். மண்சாற்றின் மின்கடத்துதிறனை மீற்றருக்கு டெசி சீமன்ஸ் என்னும் அலகால் அளப்பர். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50 ஆகும். போஞ்சி 1.0 அளவைத் தாண்டியதும் விளைச்சலை இழக்கத் தொடங்குகிறது, வெங்காயம் 1.2இலும், மிளகாய் 1.5இலும், தக்காளி 2.5இலும், நெல் 3.0இலும் இழக்கத் தொடங்குகின்றன. நெல்லானது 3.0க்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு விளைச்சலை இழக்கும். போஞ்சியின் இழப்போ அலகொன்றுக்கு 19 விழுக்காடாகும். இவை பொதுவாகக் கொள்ளப்படும் அளவுகள். இனத்துக்கு இனம் சிறிது மாறக்கூடும். இக்கணக்கை அறிந்தவன் உவர் ஏறிய பாத்தியில் போஞ்சியை இட்டு முதலை இழக்கமாட்டான்.

எலுமிச்சஞ் சாற்றிலிருந்து பிறந்த கருவி

உலகப் புகழ்பெற்ற உணர்கருவிகள் சிலவற்றின் வரலாற்றை நோக்குமிடத்து, அவை விவசாயத்தின் தேவையினின்றும் எழுந்தமை புலனாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எலுமிச்சை பயிரிடுவோரின் கூட்டுறவு அமைப்பில் வேலைசெய்த இரசாயனவியலார் ஒருவர், எலுமிச்சஞ் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க இயலாமல் இடருற்றார். அந்நாளில் இருந்த கண்ணாடி மின்வாய் எளிதில் உடைவதாயும், அது தரும் மின்குறி மிக நலிந்ததாயும் இருந்தன. அவர் தம் பழைய நண்பரான ஆர்னல்ட் பெக்மன் என்னும் பல்கலைக்கழக ஆசிரியரிடம் இக்குறையை முறையிட்டார். பெக்மன் 1934ஆம் ஆண்டில் வெற்றிடக் குழல்களைக் கொண்டு அம்மின்குறியைப் பெருக்கிக் காட்டும் பெட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தார. அதுவே இன்று மண் பரிசோதனைக் கூடங்கள் யாவற்றிலும் காணப்படும் பீ.எச். மானியின் மூதாதையாகும்.

மற்றோர் ஆராய்ச்சியாளரான லீலண்ட் கிளார்க் நீரிலும் குருதியிலும் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்கும் மின்வாயைப் பற்றி 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது சத்திரசிகிச்சைக்கென ஆக்கப்பட்டதேனும், அதன் வழிவந்த கருவிகள் இன்று இறால் பண்ணைகளிலும் மீன் குளங்களிலும் பயன்படுகின்றன. 1962ஆம் ஆண்டில் அம்மின்வாயின்மீது நொதியம் ஒன்றைச் சேர்த்துச் சர்க்கரையை அளக்கும் வழியையும் அவர் காட்டினார். நீரிழிவு நோயாளர் வீட்டிலேயே குருதி பார்க்கும் சிறு கருவிக்கு அடிப்படை அதுவே. இவ்வாறு ஒரு துறைக்கென ஆக்கியது வேறொரு துறைக்கும் உதவுவது உணர்கருவி ஆராய்ச்சியின் தனிச்சிறப்பாகும்.

கனடா நாட்டு விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கிளார்க் டொப் என்பாரும் அவருடைய தோழர் இருவரும் 1980ஆம் ஆண்டில் மண்ணின் ஈரத்தை மின்னலைகளால் அளக்கும் முறையை வகுத்தனர். மின்புலத்திற்குப் பொருள்கள் காட்டும் இயல்பில், காற்றின் எண் 1 ஆகும். உலர்ந்த மண்ணின் எண் 3 முதல் 5 வரையாகும். நீரின் எண்ணோ ஏறத்தாழ 80 ஆகும். இப்பெரும் வேற்றுமையால், மண்ணில் சிறிது நீர் கூடினாலும் கருவி அதனை எளிதில் உணர்ந்துகொள்கிறது. இன்று கடைகளில் விற்கப்படும் ஈரமானிகளுட் பல இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டவை.

தமிழர் வாழும் நிலத்திலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்துள்ளது. 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் மண்ணின் ஈரத்தை நிற விளக்குகளால் காட்டும் எளிய கருவி ஒன்றை அமைத்துள்ளனர். கம்பிகளை மண்ணில் ஊன்றியதும் நீலம், பச்சை, செம்மஞ்சள், சிவப்பு ஆகிய விளக்குகளுள் ஒன்று எரியும். நீலம் எரிந்தால் நீர் போதியது. சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். எண்களைப் படித்துப் பொருள்கொள்ள வேண்டிய தொல்லையின்றி, நிறத்தைக் கண்டே முடிவுசெய்யத்தக்கதாய் அது அமைந்தமை பாராட்டத்தக்கது.

இலங்கைத் தமிழர் ஒருவரின் ஆராய்ச்சிப் பாதை

உணர்கருவித் துறையில் ஆராய்ச்சியையே வாழ்க்கைத் தொழிலாக ஏற்று உயர்ந்தவர்களுள் பேராசிரியர் சிவலிங்கம் சிவானந்தன் இலங்கையில் பிறந்த தமிழராவார். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்றபின் அமெரிக்கா சென்று, சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் 1988ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே பேராசிரியராகி, நுண்பௌதிக ஆய்வுகூடத்தை நடத்தினார்.

அவர் ஆராய்ந்த பொருள் இரசம், கட்மியம், தெலூரியம் ஆகிய மூன்று மூலகங்களின் சேர்க்கையாகும். வெற்றிடத்தினுள் இம்மூலகங்களை அணு அணுவாகப் படியச் செய்து, மயிரிழையினும் மெல்லிய படலமாக வளர்த்தெடுத்தால், கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரை அது உணரும். இருளில் பொருள்களைக் காணவும் வானத்தை ஆராயவும் இவ்வுணர்கருவி உதவுகிறது. குடியேறிய புத்தாக்கர் வரிசையில் 2013ஆம் ஆண்டில் அமெரிக்க வெள்ளை மாளிகை அவரைச் சிறப்பித்தது.

இவ்வாராய்ச்சிக்கும் வயலுக்கும் தொடர்பு யாது என ஐயுறலாம். வெப்பமுள்ள பொருள் யாவும் செந்நிறக்கீழ்க் கதிரை வெளிவிடும். பயிர் நீரை ஆவியாக வெளிவிடும்போது அதன் இலை குளிர்கிறது. நீர் போதாதபோது இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் இலை சூடாகிறது. ஆகவே இலையின் வெப்பத்தைத் தொலைவிலிருந்தே அளந்து, கண்ணுக்கு வாட்டம் தெரியுமுன் பயிரின் தாகத்தை அறியலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஆராய்ச்சியாளர் 1981ஆம் ஆண்டில் இதற்கொரு கணக்கு முறையை வகுத்தனர். ஆய்வுகூடத்தில் ஒருவர் செய்யும் அடிப்படை ஆராய்ச்சியும் வயலில் மற்றொருவர் செய்யும் பிரயோக ஆராய்ச்சியும் இங்ஙனமே ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன.

வெளியிலிருந்து வரும் கருவி பிழைபடுவது ஏன்?

கருவிகள் கடையில் விலைக்குக் கிடைக்கும்போது நம் பிள்ளைகள் அவற்றை ஆராய்வதற்கு என்ன தேவை என்று சிலர் வினவக்கூடும். இதற்கு விடை மண்ணிலேயே உள்ளது. ஈரமானியானது அது செய்யப்பட்ட நாட்டின் மண்ணுக்கேற்பவே அளவு குறிக்கப்பட்டிருக்கும். மண்ணில் உப்பு மிகுந்தால், மலிவான கருவிகள் பல உள்ள நீரிலும் மிகுதியாகவே காட்டும். களி மிகுந்தாலும், வெயிலில் மண் சூடேறினாலும் அளவு மாறும். உவர் ஏறிய கத்தரிப் பாத்தியில் கருவி ஈரம் போதுமெனக் காட்ட, செடியோ தாகத்தால் வாடி நிற்கும். உப்பு மிகுந்த மண்ணில் நீர் இருந்தாலும் வேரால் அதனை இழுக்க இயலாது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது. கருவியை நம்பியவனுக்கு இருமடங்கு நட்டம் உண்டாகும்.

இக்குறையைத் தீர்க்கும் வழி அளவுதிருத்தம் எனப்படும். கருவி அளந்த அதே இடத்து மண்ணை எடுத்து நிறுத்து, ஆய்வுகூடக் கனலடுப்பில் 105 பாகை செல்சியசு வெப்பத்தில் ஏறத்தாழ 24 மணிநேரம் உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். ஈரமண் 120 கிராமும் உலர்மண் 100 கிராமும் ஆயின், நீர் 20 கிராமாகும். அஃதாவது உலர்மண்ணின் நிறையில் 20 விழுக்காடாகும். கருவி காட்டிய எண்ணை இதனுடன் ஒப்புநோக்க வேண்டும். இவ்வாறு உலர்ந்த நிலை முதல் நிறைந்த ஈரம் வரை பலமுறை அளந்தாலே அம்மண்ணுக்குரிய திருத்தம் கிட்டும். கரைவாகுப் பக்கத்து வயலுக்கு ஒரு திருத்தமும் கடற்கரை மணலுக்கு வேறொரு திருத்தமும் வேண்டும். இவ்வேலையை வேறெந்த நாட்டாரும் வந்து செய்து தரமாட்டார்.

நீர் வற்றவிட்டுப் பாய்ச்சும் முறையிலும் இத்தகைய வினா உண்டு. நல்ல நிலத்தில் நீரைச் சேமிக்கும் அம்முறை, உவர் நிலத்தில் தீங்கு செய்யக்கூடும். வயல் உலரும்போது அடியிலுள்ள உப்பு மேலேறி வேரைத் தாக்கும். ஆகையால் நீர்க்குழாயுடன் உப்பளவையும் ஒருங்கே நோக்கி, எந்த வயலில் நீரை வற்றவிடலாம், எந்த வயலில் விடலாகாது என வரையறுக்க வேண்டும். கரையோர வட்டைகளுக்கு இவ்வரையறையைக் காண்பது ஓர் இளம் ஆராய்ச்சியாளரின் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் போதிய பொருளாகும். எந்த வரம்பில் உவர் பூக்கும், எந்த வக்கடையில் உவர்நீர் ஏறும் என்பதைச் சிறுவயது முதல் அறிந்த பிள்ளைக்கு இவ்வாய்வில் பிறரினும் முந்துரிமை உண்டு.

ஆராய்ச்சியாளராவது எவ்வாறு?

உணர்கருவி ஆராய்ச்சிக்கு ஒரே வாயில் என்பதில்லை. பௌதிகவியல், இரசாயனவியல், இலத்திரனியல், கணினி, விவசாய விஞ்ஞானம் ஆகிய யாவும் இதிற் கூடுகின்றன. க.பொ.த. உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம் ஆகிய பிரிவுகளில் பயில்வோர் மட்டுமன்றி, தொழினுட்பப் பிரிவினரும் இத்துறைக்கு வரலாம். அப்பிரிவில் முதலாவது உயர்தரப் பரீட்சை 2015ஆம் ஆண்டில் நடைபெற்றது. பொறியியற் தொழினுட்பவியலும் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலும் அதன் முதன்மைப் பாடங்களாம். கல்முனை ஸாஹிறாக் கல்லூரி, மஹ்மூத் மகளிர் கல்லூரி முதலியவற்றின் மாணவ மாணவியர் இவ்வாய்ப்பைச் சிந்தித்தல் நன்று. ஆய்வுகூடத்தில் பொறுமையும் கைந்நுட்பமுமே வேண்டப்படுவதால், பெண் பிள்ளைகளுக்கும் இது மிகவும் ஏற்ற துறையாகும்.

பல்கலைக்கழகக் கல்விக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதுமில்லை. ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996ஆம் ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. பொறியியல் பீடமும் தொழினுட்பவியல் பீடமும் அப்பல்கலைக்கழகத்தில் உண்டு. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது. பேராதனையில் 1975ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பட்டப்பின் விவசாய நிறுவகம் உயர் ஆராய்ச்சிக்கு இடமளிக்கிறது. நெல்லாராய்ச்சிக்கெனப் பத்தலகொடவில் விவசாயத் திணைக்களத்தின் நிறுவகம் உண்டு.

பாதையின் படிகள் வருமாறு:

முதலாவது, நான்கு ஆண்டுகள் வரை நீளும் சிறப்புப் பட்டம். விரிவுரையாளராகச் சேர விரும்புவோர் முதல் வகுப்பில், அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் தேறுதல் வேண்டும்.

இரண்டாவது, உதவி விரிவுரையாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ தற்காலிகமாகப் பணியாற்றல். கருவிகளைக் கையாளவும், அளவுகளைப் பதியவும், பிழையைக் கண்டறியவும் இக்காலத்திலேயே பழக்கம் உண்டாகும்.

மூன்றாவது, முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும். கலாநிதிப் பட்டத்திற்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல விஞ்ஞானத் துறைகளில் ஆராய்ச்சி மாணவர்க்குக் கட்டணத்தை விலக்கி, வாழ்க்கைச் செலவுக்கும் படி கொடுப்பதுண்டு. ஆகையால் வயலை ஈடுவைத்தே பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று எண்ணுவது தவறு. உதவித்தொகை இல்லாத இடத்திற்குக் கடன்பட்டு விரைந்து செல்வதினும், அது கிடைக்கும்வரை ஓராண்டு பொறுத்திருந்து முயல்வதே அறிவுடைமையாகும்.

நான்காவது, நிரந்தரப் பதவி. பல்கலைக்கழக விரிவுரையாளர், திணைக்கள ஆராய்ச்சி உத்தியோகத்தர், கருவி ஆக்கும் தொழிலகங்களின் ஆராய்ச்சியாளர் எனப் பலவகைப் பதவிகள் உள. கலாநிதிப் பட்டம் வரை செல்லாதவரும் ஆய்வுகூடத் தொழினுட்ப உத்தியோகத்தராகவும், கருவிகளைப் பொருத்திப் பழுதுபார்ப்போராகவும் நல்வாழ்வு பெறலாம்.

இவ்வழியின் இடர்ப்பாடுகள்

இத்துறையின் நன்மைகளை மட்டும் கூறி இடர்ப்பாடுகளை மறைத்தல் முறையன்று. பட்டப்படிப்புத் தொடங்கிக் கலாநிதியாகும் வரை ஏறத்தாழ பத்தாண்டுகள் கழியும். அக்காலமெல்லாம் உடன் படித்தவர் வியாபாரத்திலோ வெளிநாட்டு வேலையிலோ பொருளீட்டக் காண்கையில், ஆராய்ச்சி மாணவனின் வருவாய் சிறியதாகவே இருக்கும். இலங்கை தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது அண்மைக்காலத்தில் ஏறத்தாழ 0.1 விழுக்காடே. அதனால் கருவி வாங்கவும் உதிரிப்பாகம் பெறவும் காத்திருக்க நேரிடும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல விரிவுரையாளர் நாட்டைவிட்டு அகன்றனர். பதவிகளுக்குப் போட்டியும் உண்டு.

ஆராய்ச்சியின் இயல்பே தோல்வியை உட்கொண்டதாகும். ஆய்வுகூட மேசையில் செம்மையாக அளந்த கருவி, வயற்சேற்றில் மூன்றாம் நாளே துருப்பிடித்து நிற்கலாம். உப்புக்காற்று கம்பியை அரிக்கும்; எலி வடத்தைக் கடிக்கும்; மழைக்காலத்தில் சூரிய ஒளி குன்றிப் பற்றரி தீரும். ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் வரை பொறுத்திருக்க வேண்டும். ஆயினும் மழை பொய்த்த போகத்தின் பின்பும் மறுபடி விதைப்பவனே விவசாயி. அப்பொறுமையைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் ஆராய்ச்சியின் தாமதத்தைத் தாங்குவதற்குப் பழகியவர்களே.

மறுபுறத்தில் இத்துறையின் தேவை குறையப் போவதில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், பின் தடை நீங்கி விலையேறியபோதும், பசளையின் ஒவ்வொரு பிடிக்கும் மதிப்பு உண்டென்பதை நெற்செய்கையாளர் யாவரும் உணர்ந்தனர். 50 கிலோ யூரியாவில் நைதரசன் 23 கிலோ உண்டு. அதனைப் பயிர் வேண்டாத நேரத்தில் இட்டால் ஒரு பகுதி காற்றோடும் மற்றொரு பகுதி நீரோடும் போய்விடும். மட்டம் வெடிக்கும் பருவத்திலும் குடலைப் பருவத்திலும் இலையின் பச்சையை அளந்து இடுபவன் பசளையையும் பணத்தையும் காப்பான்.

விவசாயிகள் செய்யக்கூடியவை

ஆராய்ச்சி பல்கலைக்கழகச் சுவருக்குள் மட்டும் நிகழ்வதன்று. வயலும் விவசாயியும் இன்றி அது நிறைவுறாது. கீழ்வருவன எளிதிற் செய்யத்தக்கன:

1. மாணவரோ விரிவுரையாளரோ கருவி பொருத்த இடம் கேட்டு வந்தால், வரம்போரத்தில் சிறிது இடம் ஒதுக்கிக் கொடுத்தல். அதற்குமுன் எத்தனை போகங்களுக்கு, என்ன அளக்கப்படும், முடிவு தமக்கு அறிவிக்கப்படுமா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டறிதல்.

2. விதைத்த நாள், நீர் கட்டிய நாள், பசளை இட்ட அளவு, விளைந்த மூட்டை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவருதல். நாளும் அளவும் குறிக்கப்பட்ட பழைய கொப்பி ஆராய்ச்சியாளருக்குப் பொற்குவியல் போன்றது. இதனை எழுதும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், அவர்களுக்கு அதுவே முதலாவது விஞ்ஞானப் பயிற்சியாகும்.

3. துளையிட்ட பீ.வீ.சி. குழாயொன்றை ஒரு வரவையில் மட்டும் நட்டுப் பார்த்தல். உவர் காணும் நிலமாயின் இதனைத் தொடங்குமுன் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுதல்.

4. காய்கறி இடுமுன் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதிப்பித்தல். இதற்குரிய வழியைக் கமநல சேவை நிலையத்திலோ, 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி எண்ணிலோ அறியலாம்.

5. புதிய கருவியை விலைக்கு வாங்குவோர், அது இப்பகுதி மண்ணுக்கு அளவுதிருத்தம் செய்யப்பட்டதா என விற்பவரிடம் கேட்டல். விடை கிட்டாவிடின், ஈரமும் உலர்வும் நன்கு தெரிந்த இரண்டு இடங்களில் ஊன்றிப் பார்த்த பின்னரே அதனை நம்புதல்.

6. விஞ்ஞானத்தில் நாட்டமுள்ள பிள்ளை பழைய வானொலியைப் பிரித்துப் பார்த்தாலும், மண்ணைப் போத்தலில் இட்டுக் கரைத்துப் பார்த்தாலும், அதனைக் குறும்பென்று கடியாதிருத்தல்.

கல்முனைக்குடியினின்றும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் தோன்றிய வண்ணம் உள்ளனர். அவர்களோடு, தந்தையின் வயலில் உவர் ஏறிய காரணத்தை அளந்து கூறவல்ல ஆராய்ச்சியாளரும் தோன்றுதல் வேண்டும். பத்தாண்டுப் படிப்பென்பது நீண்ட காலமே. ஆனால் தென்னை வைப்பவன் காய்க்குங் காலத்தை எண்ணி நடாதிருப்பதில்லை. இவ்வாண்டு உயர்தரப் பிரிவைத் தெரிவுசெய்யும் பிள்ளை வீட்டில் இருப்பின், பெற்றோர் அதன் ஆசிரியரையும் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கலந்து, இத்துறையையும் எண்ணிப் பார்த்து முடிவுசெய்வார்களாக.